கண்ணை அளக்கும் கண்ணாடி, அளவை யாரிடம் ஒப்படைக்கும்?

கண் பரிசோதனை முடிந்து வெளியே வருபவரின் கையில் ஒரு சிறு சீட்டு இருக்கும். வலக்கண்ணுக்கு ஒரு வரி, இடக்கண்ணுக்கு ஒரு வரி; கூட்டல் குறியோடோ கழித்தல் குறியோடோ சில எண்கள். மக்கள் வழக்கில் அதற்குப் 'பவர்' என்று பெயர். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு எந்தக் கடைக்கும் போகலாம். விலை படியாவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். இரண்டாண்டு கழித்து வேறு ஊரில் வேறொரு மருத்துவரிடம் காட்டி, கண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று கேட்கலாம். அளப்பவர் ஒருவர், கண்ணாடி செய்பவர் மற்றொருவர், அளவு கண்ணுக்கு உரியவரிடம் என்பதே இந்த ஏற்பாட்டின் சாரம். அது மிகவும் பழகிப்போனதால் அதன் அருமை எளிதில் கண்ணில் படுவதில்லை.

அந்த ஏற்பாடு குலையக்கூடிய சூழல் ஒன்று உருவாகி வருகிறது. கண்முன் உள்ள உலகத்தின் மீது கணினி வரைந்த எழுத்தையும் படத்தையும் ஏற்றிக் காட்டும் மிகை மெய்ம்மைக் கண்ணாடிகள், அதாவது ஏஆர் கண்ணாடிகள், இப்போது அணிபவரின் பார்வைக்கு ஏற்பப் படத்தைத் திருத்திக் காட்டும் திறனை நோக்கி வளர்கின்றன. இவற்றைப் பற்றிக் கல்விப்புலத்தில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் விலை, எடை, மின்கலம், பிறரை அவர்கள் அறியாமல் படம்பிடிக்கும் கேமரா ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. கண்ணாடி வெளியே எதைப் பார்க்கிறது என்று கவலைப்படும் அளவுக்கு, அது உள்ளே திரும்பி அணிபவரின் கண்ணையே பார்ப்பது குறித்துக் கவலை எழவில்லை. கண்ணை அது அளந்தால், அந்த அளவு யாருடையது? கருவிகள் பரவிய பிறகு கேட்பதைவிட, வடிவமைப்புகள் இன்னும் இறுகாத இக்காலத்திலேயே இக்கேள்வியைக் கேட்பது நல்லது.

இத்தொழில்நுட்பத்தின் தேவை உண்மையானது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1968-இல் ஐவன் சதர்லேண்ட், தலையில் அணியும் கணினித் திரை ஒன்றைச் செய்துகாட்டியபோது, அது எடை மிகுந்ததாக இருந்ததால் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. எடைச் சிக்கல் அரை நூற்றாண்டில் பெருமளவு குறைந்துவிட்டது. கண்ணின் சிக்கல் அவ்வளவு எளிதாகத் தீரவில்லை. பெரும்பாலான ஏஆர் கருவிகள் தாம் காட்டும் படத்தை ஒரே ஒரு ஒளியியல் தொலைவில் நிறுத்துகின்றன. மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் கருவியில் அத்தொலைவு ஏறத்தாழ 2 மீட்டர். மைனஸ் 3 பவர் உள்ள கிட்டப்பார்வையாளருக்கு ஏறத்தாழ 33 சென்டிமீட்டருக்கு அப்பால் இருப்பவை யாவும் மங்கலாகவே தெரியும். 2 மீட்டரில் நிற்கும் படமும் அதற்கு விலக்கன்று.

வெள்ளெழுத்து வந்தவரின் நிலை இன்னும் சிக்கலானது. சிறு வயதில் விழிலென்ஸின் ஏற்பமைவுத் திறன் 10 டயாப்டருக்கும் மேல் இருக்கும். ஐம்பது வயதைத் தாண்டும்போது அது பெரும்பாலும் 2 டயாப்டருக்கும் கீழே இறங்கிவிடும். ஏஆர் கண்ணாடி அணிந்து ஓர் இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் ஐம்பத்தைந்து வயதுத் தொழிலாளியை எண்ணிப் பார்க்கலாம். 2 மீட்டரில் நிற்கும் குறிப்பு அவருக்குத் தெளிவாகத் தெரிந்தால், 40 சென்டிமீட்டர் தொலைவில் கையிலிருக்கும் திருகாணி மங்கும். வாசிப்புக் கண்ணாடியைப் போட்டால் திருகாணி தெளியும், குறிப்பு மங்கும். குறைபாடற்ற கண்ணுக்கும் தொல்லை உண்டு. அருகில் இருப்பதுபோலக் காட்டப்படும் உருவத்தை நோக்கி இரு கண்களும் உட்புறம் திரும்புகின்றன. விழிலென்ஸோ தொலைவில் நிற்கும் திரைக்கு ஏற்பவே குவியம் கொள்ள வேண்டியிருக்கிறது. இம்முரண் பார்வைத் திறனைக் குறைத்துக் களைப்பையும் உண்டாக்குகிறது என்பதை ஹாஃப்மன், கிர்ஷிக், ஏக்லி, பேங்க்ஸ் ஆகியோரின் 2008-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

தீர்வுகளும் அந்த வரிசையிலேயே வந்தன. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் பிரணீத் சக்ரவர்த்துலாவும் உடன் ஆய்வாளர்களும் 2018-இல் முன்வைத்த 'ஃபோகஸ்ஏஆர்' என்ற முன்மாதிரி, படத்தின் குவியத்தையும் வெளியுலகக் காட்சியின் குவியத்தையும் அணிபவருக்கு ஏற்பத் தனித்தனியே மாற்ற முயன்றது. ஸ்டான்ஃபோர்டில் 2019-இல் வெளியான 'ஆட்டோஃபோகல்ஸ்' ஆய்வு, கண் எங்கே நோக்குகிறது என்பதைக் கண்டறிந்து நீர்மலென்ஸின் பவரை அக்கணமே மாற்றும் கண்ணாடியை வெள்ளெழுத்து உள்ளவர்களிடம் சோதித்தது. என்விடியா நிறுவன ஆய்வாளர்கள் 2020-இல், பார்வைத் திருத்தத்தையும் படம் காட்டும் ஒளியமைப்பையும் ஒரே லென்ஸுக்குள் இணைக்கும் வடிவமைப்பை வெளியிட்டனர். 2024-இல் விற்பனைக்கு வந்த ஆப்பிள் விஷன் ப்ரோ, கேமரா வழியாக உலகைக் காட்டும் வேறுவகைக் கருவி. அதில் அணிபவரின் பவருக்கு ஏற்ற சைஸ் லென்ஸ்களைப் பொருத்திக்கொள்ளலாம்.

வழிகள் பலவானாலும் முன்நிபந்தனை ஒன்றே. கண்ணுக்கு ஏற்பப் படம் மாற வேண்டுமானால், கண் எப்படி இருக்கிறது என்பது கருவிக்குத் தெரிய வேண்டும். அது மூன்று வகைகளில் தெரியவரலாம். மருத்துவர் தந்த எண்ணை அணிபவரே கொடுக்கலாம். படம் தெளியும் வரை அணிபவர் ஒரு திருகைத் திருப்பலாம். திருகு நின்ற இடமே அவருடைய பவரின் தோராய அளவாகிவிடும். அல்லது கண்ணை நோக்கியிருக்கும் சிறு கேமராக்களையும் அகச்சிவப்பு ஒளியையும் கொண்டு கருவி தானே கணிக்கலாம். முதல் வகையில் அளவு வெளியிலிருந்து கருவிக்குள் போகிறது. சீட்டு அணிபவரிடமே தங்குகிறது. மற்ற இரண்டிலும் அளவு கருவிக்குள்ளேயே பிறக்கிறது. அது வெளியே வர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

இது தொழில்நுட்பத்தின் இயல்பால் விளைவதன்று, வடிவமைப்பவரின் தேர்வு. இதற்குச் சான்றாக இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நாசிக்கில் பிறந்து எம்ஐடியில் பணியாற்றும் ரமேஷ் ரஸ்கர் இரண்டிலும் பங்கேற்றவர். 2010-இல் அவரது குழு வெளியிட்ட 'நெட்ரா', கைப்பேசித் திரையின் மீது பொருத்தும் மலிவான ஒரு சிறு இணைப்பு. அதன் வழியே பார்ப்பவர், திரையில் தெரியும் கோடுகள் ஒன்றாகும் வரை பொத்தானை அழுத்துவார். அழுத்திய அளவைக் கொண்டு அவருடைய ஒளிவிலகல் குறைபாடு கணிக்கப்படும். 2014-இல் ஹுவாங், வெட்ஸ்டைன், பார்ஸ்கி ஆகியோருடன் அவர் இணைந்து வெளியிட்ட ஆய்வு, இதே வழியில் எதிர்த்திசையில் நடந்தது. பார்ப்பவரின் குறைபாடு தெரிந்திருந்தால், கண்ணாடி அணியாமலே தெளிவாகத் தெரியுமாறு திரைப்படிமத்தை முன்கூட்டித் திருத்தலாம் என்று அது காட்டியது. முன்னது கண்ணை அளந்து எண்ணை மனிதரிடம் தந்தது. பின்னது எண்ணை வாங்கிக்கொண்டு படத்தைத் திருத்தியது. ஒரே ஒளியியல் இரண்டையும் செய்யும். சந்தைக்கு வரும் கருவி இரண்டாவதை மட்டும் செய்துவிட்டு முதலாவதை விட்டுவிட்டால், அதற்கு இயற்பியலைக் காரணம் காட்ட முடியாது.

விட்டுவிட்டால் என்ன இழப்பு? மங்கல் என்பது ஒரு குறை மட்டுமன்று, அது ஓர் அறிவிப்பும் ஆகும். கரும்பலகை தெரியவில்லை என்று சொல்லும் மாணவருக்குத்தான் கண் பரிசோதனை நடக்கிறது. கிட்டப்பார்வை பெரும்பாலும் பள்ளிப் பருவத்தில் தோன்றி வளர்வது. எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் தெரிகிறது என்று நம்பும் குழந்தை, குறையைத் தானே எடுத்துச் சொல்வதில்லை. அக்குழந்தையின் கையில் கிடைக்கும் கருவி, படத்தை மட்டும் அதன் கண்ணுக்கு ஏற்பச் சத்தமின்றித் திருத்திக் கொடுத்தால், பாடத்தின் முப்பரிமாண உருவம் தெளிவாக நிற்கும். வகுப்பறைச் சுவரும் சாலையும் எதிரே வரும் வண்டியும் மங்கலாகவே இருக்கும். திரை தெளிந்ததால் குறை தெரியாமல் போகும். உலகத்தைவிடத் திரையே தெளிவானது என்ற பழக்கம் ஒரு குழந்தைக்கு இப்படியும் ஏற்படலாம்.

பெரியவர்களிடம் அளவில் ஏற்படும் மாற்றமே மருத்துவச் செய்தியாகலாம். இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் பவர் தற்காலிகமாக மாறுவதுண்டு. விழிலென்ஸின் நடுப்பகுதியில் புரை வளரும்போது கிட்டப்பார்வை கூடும். அதனால் முதியவர் சிலருக்கு வாசிப்புக் கண்ணாடி இல்லாமலே எழுத்து தெரியத் தொடங்கும். கண் நன்றாகிவிட்டது என்று அவர்கள் மகிழ்வார்கள். உண்மையில் அது கண்புரையின் அறிகுறி. இளவயதில் பார்வைச் சிதறல் குறைபாடு விரைந்து கூடினால், கார்னியா கூம்புபோலப் புடைக்கும் கெரட்டோகோனஸ் நோயாக இருக்கலாம். காலத்தில் கண்டறிந்தால் அதன் வளர்ச்சியைத் தடுக்க வழியுண்டு. இன்று இம்மாற்றங்கள் மங்கலாக வெளிப்பட்டு மனிதரை மருத்துவரிடம் அனுப்புகின்றன. நாள்தோறும் தன்னைத் திருத்திக்கொள்ளும் கண்ணாடி அந்த மங்கலைத் துடைத்துவிடும். மாற்றத்தை முதலில் அறிந்தது கருவி. கடைசியாக அறிபவர் கண்ணுக்கு உரியவர் என்ற நிலை வரும்.

அளவைத் தராமல் வைத்துக்கொள்வதால் வணிகத்திலும் விளைவு உண்டு. ஓர் ஆண்டுப் பயன்பாட்டில் அணிபவரின் கண்ணை நன்கறிந்துவிட்ட கருவியை விட்டு வேறு நிறுவனத்தின் கருவிக்கு மாறுபவர், முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். சீட்டு இல்லாத நோயாளி ஒரே கடையின் வாடிக்கையாளராகக் கட்டுண்டு கிடப்பதற்கு இது நிகரானது. அமெரிக்காவில் கூட்டாட்சி வணிக ஆணையம் 1978-இல் கொண்டுவந்த கண்ணாடி விதி இந்தச் சிக்கலைத்தான் எதிர்கொண்டது. பரிசோதனை முடிந்தவுடன், நோயாளி கேட்டாலும் கேட்காவிட்டாலும், கூடுதல் கட்டணமின்றிச் சீட்டை அவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று அது பரிசோதகரைக் கட்டாயப்படுத்தியது. அளப்பவரே விற்பவராகவும் இருக்கும்போது அளவைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஆசை எழும் என்பதை அவ்விதி உணர்ந்திருந்தது. ஏஆர் கண்ணாடியில் அளப்பதும் விற்பதும் ஒரே கருவி, ஒரே நிறுவனம். பழைய ஆசைக்குப் புதிய வசதி கிடைத்திருக்கிறது.

இந்தியச் சட்டம் இவ்விடத்தில் எவ்வளவு துணைநிற்கும் என்று பார்த்தால் நிறைவு ஏற்படவில்லை. 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தது. அதன்பின் 2019-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தரவுப் பாதுகாப்பு மசோதா, உடல்நலத் தரவையும் உயிரளவைத் தரவையும் கூருணர்வுத் தரவு எனத் தனியே பிரித்தது. ஒரு நிறுவனத்திடமுள்ள தன் தரவை எடுத்து வேறொன்றுக்குக் கொண்டுசெல்லும் உரிமையையும் அளித்தது. அம்மசோதா 2022-இல் திரும்பப் பெறப்பட்டது. நிறைவேறிய 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தத் தனிப்பிரிவும் இல்லை, எடுத்துச்செல்லும் உரிமையும் இல்லை. தன் தரவின் சுருக்கத்தைக் கேட்டுப் பெறவும் திருத்தவும் நீக்கவும் உரிமை உண்டு. கண்ணின் அளவைப் பொறுத்தவரை சுருக்கம் போதாது. 'உங்கள் பார்வை தொடர்பான தரவு எங்களிடம் உள்ளது' என்ற வாசகத்தைக் கொண்டு எந்தக் கடையிலும் கண்ணாடி செய்ய இயலாது.

மருத்துவக் கருவிகளுக்கான ஒழுங்குமுறையும் இதற்கு அப்படியே பொருந்திவிடாது. 2020 ஏப்ரல் முதல் மென்பொருள் உட்பட மருத்துவ நோக்குள்ள கருவிகள் யாவும் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. ஆயினும் ஒரு கருவி மருத்துவக் கருவியா என்பதைத் தீர்மானிப்பது அதன் நோக்கம். படம் தெளிவாகத் தெரிவதற்காக மட்டுமே கண்ணை அளக்கிறோம், நோயறிய அன்று என்று தயாரிப்பாளர் சொல்ல இடமிருக்கிறது. இங்கே ஒரு விந்தையான ஊக்கம் உருவாகிறது. அளவை அணிபவருக்குத் தெரிவித்தால் மருத்துவக் கருவி என்ற சுமை ஏறும். தெரிவிக்காமல் வைத்துக்கொண்டால் அது வெறும் நுகர்பொருள். மறைப்பவருக்கு எளிமையும் சொல்பவருக்குச் சுமையும் தரும் விதியைத் திருத்த வேண்டியது கொள்கை வகுப்போரின் கடமை.

எதிர்வாதங்களையும் நேர்மையோடு எடைபோட வேண்டும். முதலாவது, கருவி தரும் அளவு மருத்துவரின் அளவுக்கு ஈடாகாது; தவறான எண்ணைக் கொடுத்தால் தவறான கண்ணாடி செய்யப்படும். இது நியாயமான அச்சம். அதற்குரிய மறுமொழி, எண்ணோடு அதன் பிழை வரம்பையும் சேர்த்துச் சொல்வதும், 'ஆறு மாதத்தில் அளவு மாறியிருக்கிறது, கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்' என்ற ஒரு வரியைக் காட்டுவதும் ஆகும். படத்தைத் திருத்தும் அளவுக்கு நம்பகமான எண், மருத்துவரிடம் போகச் சொல்லும் அளவுக்கும் நம்பகமானதே. இரண்டாவது, தரவு அணிபவர் கைக்கு வந்தால் அது களவுபோகலாம் அல்லது வேலைகொடுப்பவர் கேட்டு வாங்கலாம். கண்ணை நோக்கும் கேமரா கருவிழியையும் பார்க்கிறது. ஆதாரில் அடையாளமாகப் பதிவாகியிருப்பதும் கருவிழியே. ஆகவே படிமங்கள் கருவியைவிட்டு வெளியேறக் கூடாது. ஆனால் சீட்டுக்குத் தேவை படிமமன்று. ஒவ்வொரு கண்ணுக்கும் சில எண்கள் மட்டுமே. எண்ணைத் தந்துவிட்டுப் படிமத்தை அழித்துவிடலாம்.

மூன்றாவது எதிர்வாதம்தான் மிக அடிக்கடி கேட்கப்படுவது. சாதாரணக் கண்ணாடியே எட்டாத மக்கள் நிறைந்த நாட்டில், இந்த ஆடம்பரக் கருவியைப் பற்றி ஏன் கவலை? கேள்வியின் முன்பாதி முற்றிலும் உண்மை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு பார்வை அறிக்கை, வெள்ளெழுத்துக்குத் தீர்வு கிடைக்காதவர்களின் எண்ணிக்கையை உலக அளவில் 82.6 கோடி என மதிப்பிட்டது. அசாமில் தேயிலை பறிக்கும் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களிடம் நடத்தப்பட்ட சோதனையின் முடிவு 2018-இல் வெளியானது. எளிய வாசிப்புக் கண்ணாடி பெற்றவர்கள் நாளொன்றுக்குப் பறித்த இலையின் எடை, பெறாதவர்களோடு ஒப்பிடுகையில் 21.7 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. மிக எளிய ஒரு பொருள் ஒருவரின் கூலியையே மாற்றக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆனால் இந்தச் சான்று கேள்வியின் பின்பாதிக்கு எதிராகவே நிற்கிறது. அத்தொழிலாளர்களுக்கு இல்லாதிருந்தது கண்ணாடி மட்டுமன்று. தமக்குக் கண்ணாடி தேவை என்ற அறிதலும், அளந்து சொல்ல அருகில் ஓர் ஆளும் இல்லாதிருந்திருக்கலாம். கைப்பேசியின் விலை இறங்கிய வரலாற்றைக் கண்டவர்கள், ஏஆர் கண்ணாடியும் கிடங்குகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் பயிற்சி நிலையங்களுக்கும் வந்துசேரும் என்பதை மறுக்கமாட்டார்கள். வேலைக்காக அதை அணியும் தொழிலாளி, தன் கண் முதன்முறையாக அளக்கப்படும் இடம் அதுவாகவே இருக்கக்கூடும். அந்த அளவு ஒரு சீட்டாக அவர் கைக்கு வந்தால், வேலை முடிந்து வீடு திரும்பியபின் மகளின் பாடப்புத்தகத்தைப் படிக்க ஒரு மலிவான கண்ணாடியை அவர் வாங்கிக்கொள்ளலாம். வராவிட்டால், முதலாளியின் கருவி தலையில் இருக்கும் எட்டு மணி நேரம் மட்டுமே அவருக்குத் தெளிவு. கருவியைக் கழற்றி வைத்தவுடன் பழைய மங்கல்.

பார்வைக் குறைவு மிகுந்தவர்களுக்கு இது இன்னும் பெரிய வாழ்க்கைப் பிரச்சினை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபார்வையைத் தனி வகையாக ஏற்கிறது. எழுத்தைப் பெரிதாக்கியும், விளிம்புகளை அழுத்தமாக வரைந்தும், விழித்திரையில் பார்வை எஞ்சியிருக்கும் பகுதிக்குப் படத்தை நகர்த்தியும் காட்டும் கருவி அவர்களுக்குப் பெருந்துணையாகும். அதற்கு அவர்களின் பார்வைப் பரப்பு முழுவதையும் கருவி அறிந்திருக்க வேண்டும். தன் கண்ணில் எஞ்சியிருக்கும் ஒளியின் வரைபடம் ஒரு நிறுவனத்தின் கணக்கில் பூட்டிக் கிடந்து, அந்நிறுவனம் கருவியை நிறுத்திவிட்டால் அதுவும் மறைந்துபோவதை எவரும் ஏற்க இயலாது.

பல்கலைக்கழகங்களில் ஒளியியல், கணினியியல், பார்வை அளவையியல், சட்டம் ஆகிய துறைகளில் ஆய்வு செய்வோர் செய்யக்கூடியவை சில உண்டு. கண்ணுக்கு ஏற்ப மாறும் திரையை முன்மொழியும் ஆய்வுக்கட்டுரை, அளவு எங்கே சேமிக்கப்படுகிறது, பங்கேற்பாளருக்குத் தரப்பட்டதா என்பதை முறையியல் பகுதியிலேயே எழுதலாம். ஆய்வுக்கூடச் சோதனையில் ஒருவரின் கண்ணை அளந்தவர்கள், அந்த எண்ணை ஒப்புதல் படிவத்தோடு அவரிடமே கொடுத்துவிடலாம். நெறிமுறைக் குழுக்கள் இதை ஒரு நிபந்தனையாக்கலாம். சோதனையில் பங்கேற்பவர்கள் இருபது வயது மாணவர்களாக மட்டும் இல்லாமல், வெள்ளெழுத்து வந்த நாற்பது, ஐம்பது வயதினரும் இருக்க வேண்டும். படத்தை மட்டும் திருத்தி உலகை மங்கலாக விடும் வடிவமைப்பை, முழுமையான பார்வைத் திருத்தம் என்று பெயரிட்டு அழைப்பதையும் நிறுத்த வேண்டும். பொதுநிதியில் இத்தகைய கருவிகளை வாங்கும் பள்ளிகளும் மருத்துவமனைகளும், எந்தக் கடையிலும் செல்லுபடியாகும் வடிவில் அளவை வெளியே தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தாலே தயாரிப்பாளர்கள் வழிக்கு வருவார்கள்.

இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. கோளம், உருளை, அச்சு என்று கண்ணைக் குறிக்கும் அளவுகள் உலகெங்கும் ஒரே முறையில்தான் எழுதப்படுகின்றன. அசாமில் எழுதிய சீட்டை ஆமதாபாத்தில் படிக்க முடிகிறது. நூறு ரூபாய்க் கண்ணாடிக்காகக் கண்ணை அளப்பவர் கைகொடுத்து அனுப்பும் அந்தச் சீட்டை, இலட்ச ரூபாய்க் கண்ணாடியும் கொடுக்க வேண்டும் என்பதே கோரிக்கை.